சிங்காரி வைத்த முதல் காலடி

பூனை வீட்டை விரும்பும், நாய் வீட்டுக்காரரை விரும்பும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெரும் பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையல்ல. பூனை விரும்புவது பூனையை மட்டுமே.

சிங்காரி அப்படிப்பட்ட பூனை. அதை வளர்த்த பொன்னுரங்கம் சொந்தமாக ஒரு வீடு கட்டினார். பால் காய்ச்சும் நாளன்று சிங்காரியைக் கூடையில் வைத்து, தொப்பை என்ற நாயையும் கூட்டிக்கொண்டு புது வீட்டு வாசலுக்கு வந்தார். அங்கே முதலில் உள்ளே நுழைவதற்காக ஒரு பசு மாலையும் கழுத்துமாக நின்றது. அதன் பெயர் கோமளம்.

சிங்காரிக்கு வயிறு எரிந்தது.

"முதல் காலடி யாருடையதோ, வீடும் அவர்களுடையது! அதனால்தான் இவளுக்கு மாலை!" என்றது.

கோமளம் அசைபோட்டபடியே சிரித்தது. "ஏண்டி, இந்த வருஷம் மட்டும் நாற்பது வீட்டில் முதல் காலடி வைத்துவிட்டேன். இன்னும் ஒழுகுகிற கொட்டகையில்தான் படுக்கிறேன்!"

"சொத்துள்ளவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்!" என்றது சிங்காரி. "உள்ளே பால் பொங்கப்போகிறது. முதல் கிண்ணம் வீட்டுக்காரிக்கு. அதாவது எனக்கு!"

"பால் வேண்டுமானால் கூடையிலேயே இரு, அம்மணி," என்றது தொப்பை. "குறுக்கே மட்டும் ஓடிவிடாதே. மனிதர்கள் அபசகுனம் என்பார்கள்."

"சோற்றுக்கு வாலாட்டுகிற உனக்குச் சாஸ்திரம் வேறா!"

கோமளம் வலது முன்காலைத் தூக்கியது. அதன் மூக்குக்கு முன்னால் சிங்காரி கூடையிலிருந்து குறுக்கே பாய்ந்து வீட்டுக்குள் ஓடியது.

"ஐயையோ! பூனை குறுக்கே போய்விட்டதே!" என்று அலறினாள் பொன்னுரங்கத்தின் மனைவி செண்பகம்.

"சிங்காரி! வெளியே வா!" என்று கத்தினார் பொன்னுரங்கம்.

சிங்காரி பரண்மேல் ஏறிக்கொண்டது. வீட்டுக்காரியாவது, கூப்பிட்டதும் ஓடிவருவதாவது! உள்ளே போய்ப் பிடிக்கலாம் என்றால், பசுவுக்கு முன்னால் மனிதர்கள் நுழையக் கூடாது. நல்ல நேரமும் கழிந்தது.

"நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்," என்று கதவைப் பூட்டினார் பொன்னுரங்கம்.

பூட்டுச் சத்தம் கேட்டுச் சிங்காரி இறங்கி ஓடிவந்தது. சன்னல்களில் எல்லாம் புத்தம்புதுக் கம்பிவலை.

"தொப்பை! கதவைத் திறக்கச் சொல்!"

"வீட்டுக்காரி நீங்கள்தானே, அம்மணி! நீங்களே திறந்துகொள்ளுங்கள்!" என்றது வெளியிலிருந்து தொப்பையின் குரல்.

எல்லோரும் பழைய வீட்டுக்குத் திரும்பினார்கள், பால் பாத்திரம் உட்பட. புது வீட்டில் சிமெண்டு வாசனை மட்டுமே இருந்தது. ஓர் எலிகூட இன்னும் குடிவரவில்லை.

உடன் வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு முண்டியடித்து நுழைபவருக்கு வீடு கிடைக்காது, பூட்டுதான் கிடைக்கும்.

வெள்ளிக்கிழமை கோமளம் அந்த வருஷத்தின் நாற்பத்தோராவது வீட்டில் காலடி வைத்தது. பொங்கிய பாலில் முதல் கிண்ணம் தொப்பைக்குப் போனது.