காது குளிரக் கேட்ட கச்சேரி

கோணப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள் அவர்கள். வம்பெல்லாம் சொல்கிறவர்களால் வருவது.

அந்த ஊர் ஒச்சப்பனுக்கு நல்லசிவ பாகவதர் என்றால் உயிர். ஊருக்கே ஒரே ரேடியோ அவன் வீட்டில்தான் இருந்தது. நாற்பது வருஷமாக அதில் பாகவதர் பாட்டு வந்தால் சோற்றைக்கூட மறந்துவிடுவான். ஆளை மட்டும் பார்த்ததில்லை. சாவதற்குள் ஒரு தடவை அவர் எதிரில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மதுரையில் பாகவதர் கச்சேரி என்றதும் போஸ்ட்மேன் தவசி மூன்று டிக்கெட் வாங்கி வந்து கொடுத்தார்.

"வாசல்ல டிக்கெட்டைக் கிழிச்சாத்தான் உள்ள விடுவாங்க. போய்க் காது குளிரக் கேட்டுட்டு வாங்க," என்றார்.

எந்த வாசல் என்று அவர் சொல்லவில்லை. ஒச்சப்பனும் அவன் பங்காளிகள் சடையனும் மொக்கையனும் ஒச்சப்பன் வீட்டு வாசலிலேயே நின்று டிக்கெட்டுகளைப் பொடிப்பொடியாகக் கிழித்து, மடியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

"ஏண்ணே, காது எம்புட்டுக் குளிரணும்?" என்று கேட்டான் சடையன்.

"தொட்டா வெடுக்குன்னு கையை இழுத்துக்கிறணும்," என்றான் ஒச்சப்பன்.

"கேட்டாக் குளிருமா, குளிர்ந்தப்புறம் கேக்கணுமா?" இது மொக்கையன்.

ஒச்சப்பன் திருமங்கலம் வரும்வரை யோசித்தான். "காது குளிரக் கேளுன்னாரு. காதுதானடா முன்னாடி வருது? முதல்ல அது குளிரணும். கேக்குறது அப்புறந்தான்."

மதுரையில் இறங்கியதும் மீன் மார்க்கெட்டில் ஐஸ் கட்டி வாங்கினார்கள். உடைத்துத் துண்டில் பொதிந்து, இரண்டு காதையும் சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். சபா வாசலில் காவலாளி மூன்று தலைக்கட்டையும் பார்த்தார், தன் கையில் அவர்கள் அள்ளிப்போட்ட டிக்கெட்டுத் தூளையும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்து நேரா வர்றீங்களா?" என்றார். காதில் விழாததால் மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அவர் பரிதாபப்பட்டு உள்ளே விட்டுவிட்டார்.

உட்கார்ந்த இடத்தில் மீன் வாடை பரவவும் சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். பட்டிக்காட்டான் என்று பாராமல் இடம் விடுகிறார்களே என்று நெகிழ்ந்து, மூவரும் நகர்ந்து நகர்ந்து முதல் வரிசைக்கே வந்துவிட்டார்கள்.

திரை விலகியது. பாகவதரைக் கண்டதும் ஒச்சப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவர் வாயைத் திறந்தார், கையை வீசினார், கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஒச்சப்பன் பதறிப்போனான். ஐயோ, குரல் போய்விட்டதே! ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள், ஒன்றும் கேட்காமலே கைதட்டுகிறார்களே! எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக, மனுஷன் சாப்பிட்டாரா தூங்கினாரா என்றுகூடக் கேட்காமல், ரேடியோவைத் திருகித் திருகிப் பாடவைத்த பாவி யார்? தொண்டை தேயாமல் என்ன செய்யும்?

'அழகர்சாமி, குரலைத் திருப்பிக் குடுத்துரு. இனிமே இவரைப் பாடச் சொல்லித் தொந்தரவு பண்ண மாட்டேன்,' என்று கும்பிட்டு வேண்டிக்கொண்டான்.

அவன் வேண்டி முடிக்கவும் ஐஸ் கரைந்து துண்டு நழுவவும் சரியாக இருந்தது. குரல் மழையாகக் கொட்டியது. அதே குரல், ரேடியோவில் கேட்டதைவிடப் பத்து மடங்கு இனிப்பாக.

"வந்துருச்சு! சாமி, வந்துருச்சு!" என்று ஒச்சப்பன் துள்ளி எழ, பங்காளிகளும் எழுந்தார்கள்.

பாகவதர் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதல் வரிசையில் மூன்று பேர், முகமெல்லாம் தண்ணீர் வழிய நின்றார்கள். அவருக்கே கண் கலங்கியது. "இப்படி அழுத ரசிகர்களை நான் பார்த்ததே இல்லை," என்று மேடையிலிருந்தே கைகூப்பினார். நாற்பது வருஷத்து அன்பு ஒச்சப்பனுக்கு அந்த நிமிஷத்தில் இரண்டு பங்காகிவிட்டது.

ஊருக்கு வந்தபிறகு அவன் வாக்குத் தவறவில்லை. ரேடியோவில் பாகவதர் பெயரைச் சொன்ன உடனே, "நீங்க போய்ப் படுங்கய்யா," என்று அதை அணைத்துவிடுவான். அணைத்த ரேடியோவின் முன்னால் பங்காளிகளோடு உட்கார்ந்து, பாட்டு முடியும் நேரம்வரை தொடையில் தாளம் போடுவான்.

ஒருநாள் தபால் கொடுக்க வந்த தவசி இதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா பண்றீங்க?" என்றார்.

"சத்தம் போடாதீங்க," என்றான் ஒச்சப்பன். "பாகவதர் தூங்குறாரு."

சடையன் ரேடியோவில் காதை வைத்துப் பார்த்தான். "என்ன ராகத்துலண்ணே?"

"தூங்குறதுக்கு வேற என்னடா ராகம்? நீலாம்பரிதான்."

"அதானே பாத்தேன்," என்று கண்ணை மூடித் தலையை ஆட்டினான் மொக்கையன். "என்ன சுத்தம்!"