சிங்கமும் கொத்தமல்லியும்

ஒரு ஊர்ல ஒரு சோபா இருந்துச்சு. அந்தச் சோபாவுல ஒரு வீரன் படுத்துக் கெடந்தான். ம் கொட்டு யாழி, கொட்டினாத்தான் அத்தை மேல சொல்லுவேன்.

அப்போல்லாம் கேம் டிவியோட ஒயர் போட்டுக் கட்டியிருக்கும். வீரனும் அவன் கூட்டாளிகளும் டிவி முன்னாடி உக்காந்து டுமீல் டுமீல்னு சுடுவாங்க. அவன் பொண்டாட்டி பஜ்ஜித் தட்டை வச்சுட்டு, கதவோரமா நின்னு கொஞ்ச நேரம் பார்ப்பா. நீயும் ஒரு ஆட்டம் ஆடுன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. அதை நெனச்சா எனக்கு இப்பவும் கோபமா வருது.

அப்புறம் செல்போன் வந்துச்சு. ஒயர் போச்சு, கேம் ஆளாளுக்குக் கையில வந்துருச்சு. வீரன் சோபாவுல படுத்தபடியே ஊர் பேர் தெரியாதவங்களோட சண்டை போட்டான். அதுல அவன் பேரு சிங்கம்.

ஒருநாள் காலையில கொத்தமல்லின்னு ஒரு ஆள் சண்டைக்கு வந்துச்சு. சர்ர்ருனு ஓடி வந்து டுமீல். சிங்கம் காலி. நெட் ஸ்லோன்னான். மறுநாளும் அதே நேரத்துக்கு டுமீல். விரல் வேர்த்துருச்சுன்னான். ம்? மூணாம் நாளும் டுமீல். அன்னைக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் கிடைக்கல.

அப்போ திருச்சியில ஒரு போட்டி வந்துச்சு. ஜோடியாத்தான் ஆடணும். கூட்டாளிங்க எல்லாம் வேலை கிடைச்சு வெளியூர் போயாச்சு, ஜோடிக்கு ஆள் இல்ல. அதனால, என்கூட வர்றியான்னு கொத்தமல்லிக்கே எழுதிக் கேட்டான். வீட்ல கேட்டுச் சொல்றேன்னு பதில் வந்துச்சு.

சாப்பிடறப்போ இதைப் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சிரிச்சான், இவ்ளோ நல்லா ஆடுற பய வீட்ல கேக்கணுமாம்னு. அவ ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்டா.

மறுநாள் காலையில மறுபடியும் சண்டை. வீரன் ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டியிருந்தான். கொத்தமல்லி ஈரக் கையால தொட்டதுல அந்தப் பக்கம் மைக் ஆன் ஆயிருச்சு போல. உஸ்ஸ்ஸ்னு குக்கர் விசில் இயர்போன்ல கேக்குது. அதே உஸ்ஸ்ஸ் அவன் வீட்டுச் சமையக்கட்டுலேர்ந்து இன்னொரு காதுலயும் கேக்குது. தூங்கிட்டியா? இல்லியா, சரி.

எந்திரிச்சுப் போய்ப் பார்த்தான். மிளகாய்த்தூள் டப்பாவுல போனைச் சாய்ச்சு வச்சு அவ ஆடிட்டிருக்கா. திரும்பிக்கூடப் பார்க்காம, "ரெண்டு நிமிஷம் இருங்க, உங்களைச் சுட்டுட்டு வர்றேன்"னா. டுமீல்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன்னியே, ஏன் கேக்கல?"ன்னான் அவன்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"ன்னா அவ.

குக்கர் உஸ்ஸு உஸ்ஸுன்னு கத்துது, அவனே போய் அடுப்பை அணைச்சான். அப்புறம் மெதுவா, "என்னைச் சேத்துக்கிறியா?"ன்னு கேட்டான்.

ம்? சேத்துக்கிட்டாளாவா? சேத்துக்கிட்டா. அதனாலதான் உங்கம்மாவும் அப்பாவும் திருச்சிக்கு பஸ் ஏறியிருக்காங்க, உன்னைத் தூங்க வைக்க நான் வந்திருக்கேன். கதை திருச்சி போய்ச் சேர்ந்துருச்சு, நீ கண்ணை மூடு.