கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 2 வந்த கதை

அந்தக் காலத்தில் கணினிகளுக்கும் வாய் இருந்தது. தட்டினால் பதில் சொல்லும், தட்டாவிட்டாலும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு கணினியின் கோப்புகளை இன்னொன்றுக்குச் சுமந்துபோக ஓட்டன் என்றொரு சின்ன நிரல் இருந்தான். நல்ல பிள்ளை, கால் ஓயாதவன். அவனுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: போகிற இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால், இருப்பதை அழித்துவிட்டு வந்ததை வைக்க வேண்டும்.

விருதுநகரில் அரியநாச்சி வீட்டுப் பழைய கணினி அப்போது இழுத்துக்கொண்டு கிடந்தது. அதிலிருந்ததையெல்லாம் ஓட்டன் புது மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். பழையதற்குத் தாராள மனசு, எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். புதியது வேறு வம்சம். வாசலிலேயே பெயரைக் கேட்டு ஆயிரம் நொட்டை சொல்லும்.

எல்லாம் போய்ச் சேர்ந்தன. ‘சாப்பிட்டியா?’ என்ற கோப்பு மட்டும் போகவில்லை. அது அரியநாச்சியின் அம்மா எப்போதோ அனுப்பிய குரல் பதிவு. அம்மா போன ஆடியில் இறந்துவிட்டாள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. மடிக்கணினியோ, கேள்விக்குறியைக் கோப்பு தேடுவதற்கென்று வைத்திருக்கிறோம், பெயரில் அது வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றது. ஓட்டன் போய்ப் போய்த் திரும்பி வந்தான். பழைய கணினியின் விசிறி திக்கித் திக்கிச் சுற்றியது.

“கேள்விக்குறிய எடுத்துரு ஓட்டா,” என்றாள் அரியநாச்சி. “கேள்வி எங்கயும் போயிராது. அம்மா குரல்லயே இருக்கு.”

எடுத்தான். வாசல் திறந்தது. உள்ளே போனால், அதே பெயரில் ஒன்று ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறது. அது மாமியாரின் பதிவு. மாமியாருக்குக் கேள்விக்குறி ஒரு கேடா என்று அரியநாச்சி போடாமல் விட்டிருந்தாள். சட்டப்படி இதை அழிக்கட்டுமா என்று ஓட்டன் கேட்டான்.

சரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாமியார் உயிரோடுதான் இருக்கிறார், நாளைக்கும் கேட்பார், தினமும் கேட்டு உயிரை எடுப்பார். ஆனாலும் எதற்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். அம்மாவை அடக்கம் செய்த அன்று, முழங்கால் வலியால் வர முடியாத மாமியார் அனுப்பியது அது. அன்றைக்கு வந்தவர்களைக் கவனிக்கவே எல்லோருக்கும் நேரம் சரியாக இருந்தது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்டது அந்த ஒரு குரல்தான். கேட்கக் கேட்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ரெண்டு பேரும் வேணும்,” என்றாள். “ஒருத்தர எந்திரிக்கச் சொல்லி இன்னொருத்தர உக்கார வைக்காத.”

ஓட்டன் திகைத்தான். சட்டத்தை மீறினால் தன் பிழைப்பில் மண்தான். ஆனால் இவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவும் அவனுக்கு மனசு வரவில்லை. அம்மாவின் கோப்புப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் 2 என்று எழுதி நீட்டினான். மடிக்கணினி மேலும் கீழும் பார்த்தது. அடைப்புக்குறியைத் தடுக்க அதனிடம் சட்டம் எதுவும் இல்லை. போகட்டும் என்று வழிவிட்டது. அம்மா உள்ளே போய்ச் சேர, பழைய கணினி கண்ணை மூடியது.

அரியநாச்சி இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேட்டாள். பிறகு எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான், ஒரே பெயரில் இன்னொன்று வந்து வாசலில் நின்றால், கணினிகள் இருப்பதை எழுப்பிவிடாமல், வந்ததற்கும் பக்கத்தில் ஒரு 2 போட்டு இடம் கொடுக்கின்றன.