மொட்டைத்தலைப் பிள்ளைக்கு இரண்டு அம்மா

கேளுங்கள்; ஆனால் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். போலீஸ் ஏட்டம்மா செண்பகவல்லி அப்படித்தான் ஏமாறப் பார்த்தாள்.

கைபேசி வராத காலம். கொங்கு நாட்டு மலைக்கோயில் ஒன்றில் தேரோட்டம். காணாமல்போன பிள்ளைகளுக்கென்று போட்டிருந்த கொட்டகையில் செண்பகவல்லிக்குக் காவல். அவள் நெல்லைச் சீமைச் சங்கரன்கோயில்காரி, வேலைக்காக இங்கே வந்து, சொந்த ஊர்ப்பேச்சைக் கேட்க ஏங்கிக் கிடந்தவள். மடியில் மூன்று வயதுப் பையன் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் தனியே நின்று அழுதவனை யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். புது மொட்டை, காதில் புதுத் தங்கத் தோடு. அந்தத் தோட்டையே அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். தப்பான கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை என்ன ஆவான்?

முதலில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி ஓடிவந்தாள். "ஏனுங்க மேடம், அது எம்பட பையனுங்க!"

சத்தத்தில் பையன் விழித்து வீறிட்டான். "ஆச்சி எங்க? நான் இங்கன இருக்க மாட்டேன். ஆச்சிட்ட போணும்!"

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எத்தனை வருஷமாயிற்று இந்தப் பேச்சைக் கேட்டு! "எய்யா, நீ எந்த ஊருல?" என்று அவளும் தன் ஊர்ப்பேச்சுக்கே போய்விட்டாள்.

"அழாதல எய்யா, அம்மை இங்கனதாம்ல நிக்கேன்" என்று கைநீட்டினாள் பச்சைச் சேலைக்காரி. "நாங்க தின்னவேலிப் பக்கம்க்கா. இந்தச் சீமைக்கே இன்னைக்குத்தான் மொதமொதல்ல வாரோம்."

ஏட்டம்மா பிள்ளையைக் கொடுக்கத்தான் எழுந்தாள். அதற்குள் கையில் ஒரு புதுச் சட்டையோடு இன்னொருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மேடம், எம்பட பையனுங்க. தேர்க் கூட்டத்துல கைய உட்டுட்டானுங்க."

பையன் அவளைக் கண்டதும் ஏட்டம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். செண்பகவல்லி அந்தச் சட்டையை வாங்கி அவன் முதுகில் வைத்துப் பார்த்தாள். நாலு விரல் குட்டை. பெற்றவளுக்குப் பிள்ளையின் அளவு தெரியாதா?

"பாத்தியளாக்கா? புள்ள பேச்சு என்ன, இவ பேச்சு என்ன?" என்று எடுத்துக்கொடுத்தாள் பச்சைச் சேலைக்காரி.

"ஆமாங்க, அவன் என்னையாட்டம் பேச மாட்டானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள் சட்டைக்காரி.

செண்பகவல்லி பையனை இறுக்கிக்கொண்டாள். மனசு ஒருத்தி பக்கம் சாய்ந்தது. ஆனால் என்னவோ உறுத்தியது.

நீங்கள் அவள் இடத்தில் இருந்தால், பிள்ளையை யார் கையில் கொடுப்பீர்கள்?

விடை: சட்டைக்காரி கையில்தான். பச்சைச் சேலைக்காரி வரும்போது கொங்குப் பேச்சு பேசினாள். பையன் வாய் திறந்த பிறகுதான் நெல்லைக்கு மாறினாள். இன்றுதான் முதன்முதலாக வந்தவளுக்கு அந்த 'எம்பட' எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? மற்றவளோ, தன் பேச்சே தனக்கு எதிராக நின்றபோதும் அதை மாற்றவில்லை. பையன் தேடியதும் அம்மாவை அல்ல, ஆச்சியை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் கிடக்க, அவன் நெல்லையில் அப்பாவைப் பெற்ற அந்த ஆச்சியிடம் வளர்ந்தான். முடியிறக்க அன்று காலைதான் அப்பா கூட்டிவந்திருந்தார்; அவர் கூட்டத்தின் மறுபக்கம் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டை, அவன் வருமுன்பே அவள் திருப்பூரில் வாங்கி வைத்தது; போன வருஷம் அவள் கடைசியாகப் பார்த்த பிள்ளையின் அளவு. தோட்டுக்கு ஆசைப்பட்டவளைப் பிடித்து உட்கார வைத்தாயிற்று. பையன்தான் அம்மாவிடம் போக மறுத்தான். "மேடம், நீங்களே உங்க ஊருப் பேச்சுல அவங்கிட்டச் சொல்லுங்க" என்றாள் அவள். "நாந்தான் அம்மான்னு."