வெற்றிலைச் சாற்றில் விழுந்த சாலை

முன்னொரு காலத்தில், தும்மலை அடக்கத் தெரியாத விகடகவி ஒருவன் இருந்தான். வேறு யார், நான்தான்.

பேரரசன் எவனும் வந்து தம்மை வணங்கியதில்லை என்பது எங்கள் அரசருக்குத் தீராத குறை. நல்ல தேர்ச்சாலை இருந்தால் வருவார்களாம். அதற்காக நாட்டின் படத்தைத் துணியில் எழுதி விரித்திருந்தார். வாயில் வெற்றிலையோடு எட்டிப் பார்த்தேன், தும்மினேன். படத்தின் குறுக்கே சிவப்பாய் ஒரு கோடு.

"ஆகா, என்ன நேர்த்தி! இதுவே நம் சாலை" என்றார் அரசர்.

கோடு ஏரிக்கரைப் பழைய கல்மண்டபத்தின் நடுவே ஓடியது. ஏரி நீரில் பாதி கீழூருக்கு என்று அந்நாள் பேரரசர் வெட்டிவைத்த கல்வெட்டு அங்கேதான் இருந்தது. கீழூருக்கு வேறு சான்று கிடையாது. மறுபாதி பாயும் மேலூர் வயல்களெல்லாம் அமைச்சர் சாமந்தராயருடையவை. அவர் முகத்தில் அன்று அப்படியொரு மலர்ச்சி.

கீழூருக்கு மடை திறக்கும் ஒச்சாயி ஓடி வந்தாள். "ஏஞ்சாமி, நீங்க தும்முறதுக்கு எங்க தண்ணிதானா கெடச்சுது?"

சபையில் முறையிட்டேன்.

"பழங்கல்லால் மன்னருக்கு என்ன பயன்? விகடகவி நாளைக்குள் காட்டட்டும். இல்லையேல் கல்லை உடைக்கும் முதல் அடியை அவரே அடிக்கட்டும்" என்றார் அமைச்சர். அரசரும் தலையசைத்துவிட்டார்.

மறுநாள் மண்டபத்தில் அரசருக்குக் கல்வெட்டின் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன்: "இத்தருமத்தைக் காத்தான் பாதம் என் தலைமேலது."

"பிரபு, காலைத் தூக்குங்கள்."

"எதற்கு?"

"முந்நூறு ஆண்டாக ஒரு பேரரசர் தங்கள் பாதத்துக்காகக் குனிந்து நிற்கிறார். சாலை போடாமலே வந்திருக்கிறார்! கல்லை உடைத்தால் எழுந்து போய்விடுவார்."

அரசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வலக்காலை லேசாகத் தூக்கினார்.

"அதற்கு முந்தின வரி?"

"அது உடைப்பவருக்கு, பிரபு. கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம்."

சுத்தியலோடு நின்ற சாமந்தராயர் அதை அவசரமாக என்னிடம் நீட்டினார். நான் பணிவோடு அரசரிடம் நீட்டினேன். அரசர் திரும்பவும் அமைச்சரிடமே நீட்ட, அது அமைச்சர் கால்மேலேயே விழுந்தது.

அரசர் ஒற்றைக்காலில் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாலையை வளைக்கச் சொன்னார். இனி எந்தச் சாலைக்கும் கோடு போடுமுன் வழியிலுள்ள கல்லையெல்லாம் படிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். எனக்கும் ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

தப்பு என்னுடையதுதானே என்று சபையில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லாரும் சிரித்தே மழுப்பினார்கள். மடைக்குப் போனேன்.

"என்மேல கோபம் இருக்கா தாயி?"

ஒச்சாயி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"இருக்கு சாமி. தண்ணி போயிருமேங்கிற பயத்துல ரெண்டு நாளா எங்கூருல ஒரு அடுப்பும் எரியல."