ஒற்றைக் குழி கோல்ஃப் மைதானம்

செங்காட்டூர் மகாராஜா முத்துவிஜயர் ஒரு கோடையில் ஊட்டிக்குப் போய்வந்தார். அங்கே துரைமார்கள் புல்வெளியில் நின்று கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளுவதைக் கண்டவர், தமக்கும் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். கஜானாவிலோ காற்றுதான் இருந்தது.

திவான் சேஷகிரி சிக்கனத்தில் கெட்டிக்காரர். வற்றிக் கிடந்த ஏரியையே மைதானமாக்கினார். புல் வெட்ட ஆள் வைக்காமல் செம்மறியாடுகளை விட்டார். பதினெட்டுக் குழி தோண்டினால் கட்டுப்படியாகாது, ஒரே குழி போதும், வேண்டுமானால் ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒரு தடவை அதே குழிக்கு அடித்துக்கொள்ளலாம் என்றார். மகாராஜாவுக்குப் பரம திருப்தி.

அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. “இந்த மைதானத்தில் ஆடுகிறவர்களைவிட ஆடுகள்தான் அதிகம்” என்று சபையிலேயே சொல்லிவிட்டான். சபை சிரித்தது. திவான் சிரிக்கவில்லை.

அன்றே அவர் மகாராஜாவின் காதில் ஓதினார். திறப்பு விழாவில் மகாராஜாவோடு கூத்தபிரான் விளையாட வேண்டும். ஜெயித்தால், ராஜாவை அவமதித்த குற்றத்துக்கு நாடு கடத்தல். தோற்றால், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஏமாற்றியதற்குச் சிறை. சமமாக முடிந்தால், தன்னை ராஜாவுக்குச் சமம் என்று காட்டிக்கொண்டதற்குச் சவுக்கடி. விளையாட்டுப் பிரியரான மகாராஜா இதையும் ஒரு விளையாட்டாக நினைத்து உத்தரவு போட்டுவிட்டார். கூத்தபிரானின் மனைவி அழுதுகொண்டே மூட்டை கட்டத் தொடங்கினாள்.

திறப்பு விழா வந்தது. மகாராஜா ஒன்பது அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளினார். ஊரே கைதட்டியது. அடுத்து கூத்தபிரான். கோலைப் பிடித்துப் பழக்கமே இல்லாதவன், கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு வீசு வீசினான். பந்து ஆகாயத்துக்குப் போனது. குழிக்குப் பக்கத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார் திவான். முழு வேட்டி அளவு துணி சுற்றிய அவருடைய பெரிய தலைப்பாகையின் மடிப்புக்குள் பந்து போய்ப் பொதிந்துகொண்டது. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் தரையில் பந்தைத் தேடினார்.

தலைப்பாகை மடிப்பில் பந்து வெள்ளையாக எட்டிப் பார்ப்பதைக் கண்டுகொண்ட கூத்தபிரான் பக்கத்தில் வந்து பணிவாகக் கேட்டான். “திவான்ஜி, பந்தைக் கையால் எடுத்துக் கீழே வைத்து அடிக்கலாமா?”

“கூடவே கூடாது. எங்கே கிடக்கிறதோ அங்கேயேதான் அடிக்க வேண்டும். முள்புதரானாலும் சரி, ஆட்டுப் புழுக்கையானாலும் சரி.”

மகாராஜாவும் ஆமாம், அதுதான் விதி என்றார்.

கூத்தபிரான் திவானுக்கு நேர் எதிரே நின்று, காலை அகட்டி, கோலைத் தோளுக்கு மேலே ஓங்கினான். “அப்படியானால் திவான்ஜி கொஞ்சம் குனிந்து, அசையாமல் நிற்க வேண்டும்.”

திவான் தலையைத் தடவினார். கையில் பந்து தட்டுப்பட்டது. அடுத்த கணம் கொடியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார். அவர் ஓடுவதைப் பார்த்து மிரண்ட ஆடுகளும் பின்னாலேயே ஓடின. ஏரிக்கரை மேல் புழுதி கிளம்பியது.

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் உத்தரவு ஞாபகம் வந்தது. “சரி, விஷயத்துக்கு வா. நீ ஜெயித்தாயா, தோற்றாயா, சமமா?”

கூத்தபிரான் தூரத்துப் புழுதியைக் கைகாட்டினான்.

“பந்து நின்றால்தானே மகாராஜா நான் அடுத்த அடி அடிக்க முடியும்? அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.”

மகாராஜா உத்தரவை அங்கேயே ரத்து செய்து, தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.