கொம்புக்குள் அடைத்த சேலை

கருவேலங்கோட்டை ராஜா சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குத் தேரோட்டம். பார்க்க வருகிறவர் பக்கத்து நாட்டு ராஜா. அவர் ஊர் மேளம் மூன்று தெரு தாண்டிக் கேட்குமாம். இங்கேயோ தேர் நிற்கும் தேர்முட்டியைத் தாண்டினால் வெறும் இரைச்சல்.

தளபதி மல்லாண்டார் முரசை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். இரைச்சல்தான் இரட்டித்தது.

கடைசியில், அவையிலேயே கெட்டிக்காரியான வடிவாளை ராஜா கூப்பிட்டார்.

"வடிவாள், நம்ம மேளம் இன்னும் பலமாக் கேட்கணும். ஆளையும் வாத்தியத்தையும் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. ஓங்கி அடிக்கவும் கூடாது, தோல் கிழியுது."

"முடியலைன்னா இந்த அம்மா அவையை விட்டு அடுப்படிக்குப் போயிடட்டும்!" என்றார் தளபதி.

ராஜா தலையாட்டிவிட்டார். வடிவாள் தெருக்கோடியில் போய் நின்று ஒத்திகையைக் கேட்டாள்.

நாகசுரம் எந்த உயரத்தில் பாடியதோ, அதே உயரத்தில் ஊதுகொம்பும் வீறிட்டது. தவில் உறுமிய இடத்திலேயே முரசும் உறுமியது. ஒரே பாயில் நாலு பிள்ளைகளைப் போட்டால் எந்தப் பிள்ளை காலை நீட்டும்?

கொடியில் கிடந்த பழைய சேலையை உருவினாள். டர்ரென்று கிழித்தாள். கொம்பு வாய்க்குள் கொஞ்சம் திணித்தாள். முரசின் முகத்தில் கொஞ்சம் கட்டினாள்.

"ஐயையோ மகாராசா, வாயை அடைக்கிறா!" தளபதி குதித்தார்.

"கூட்டினேனா, குறைச்சேனா, ஓங்கி அடிக்கச் சொன்னேனா? துணி கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!"

மறுநாள் தேர் அசைந்தது. நாகசுரம் ஆற்றங்கரை வரை கணீரென்று போனது. தவிலின் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து விழுந்தது. கொம்பும் முரசும் பின்னால் நின்று தாங்கின.

"எத்தனை பேரைய்யா புதுசாச் சேர்த்தீர்?" பக்கத்து ராஜா வாயைப் பிளந்தார்.

சேந்தனுக்கே நம்ப முடியவில்லை. "ஏம்மா, வாயை அடைச்சா சத்தம் எப்படிக் கூடும்?"

"நம்ம அவையிலே கத்துக்கிட்டதுதான் மகாராசா. போன மாசம் தளபதி ஐயா தொண்டை கட்டிப் படுத்திருந்தாரே, அப்போ மத்த மந்திரிமார் சொன்னதெல்லாம் உங்களுக்கு எவ்வளவு நல்லாக் கேட்டது! அவங்க யாராவது கத்தினாங்களா?"

ராஜா தேர்வடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வடிவாள் கையில் போட்டார். தளபதி பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டார்.